கன்று போட்ட பசு

அந்த வகுப்பில் முதலாவதாக வந்தது நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எழும்பும். உடனே அதன் தலையில் தட்டி இருத்திவிடுவேன்.

சண்டை மூண்டு, எங்கள் ஊருக்கும் வவுனியாவுக்கும் நடுவில் பாதை பூட்டிய வருடம் அது. அதற்குச் சற்று முன்னர்தான் அம்மாவும் அண்ணாவும் நானும் முள்ளியவளையிலிருந்து வவுனியாவுக்கு வந்திருந்தோம். அண்ணாவை வெளிநாட்டில் இருந்த சித்தப்பாவிடம் அனுப்பிவிடுவதென்று ஏற்பாடு. வயலையும் மாட்டையும் ஒழுங்குபடுத்திவிட்டு வருகிறேன் என்று நின்ற அப்பா அந்தப் பக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டார். அங்கிருந்து பஸ் இல்லை, போன் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அண்ணா வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நகரத்தில் இளம் பெடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். யார் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான். அண்ணா பகலெல்லாம் உள்ளறையில் படுத்திருந்து பழைய பேப்பர்களை மனப்பாடம் செய்தான். கடைக்குப் போவது, தண்ணீர் அள்ளுவது எல்லாம் என் தலையில் விழுந்ததால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பில் இருந்த பொதுமண்டபத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டர் பழக்கினார்கள். படிப்பித்த ரீச்சருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. அப்போது நகரத்தில் காசு கொடுத்து இன்ரநெற் பார்க்கும் நெற் கடைகள் காளான்போல முளைத்திருந்தன. ரியூசன் முடிந்த பிள்ளைகள் அங்கே போய் முகம் தெரியாத ஆட்களோடு அரட்டை அடிப்பது ரீச்சருக்குத் தெரியும். அதனால் தட்டச்சுக்கு முன்னரே எங்களுக்குப் பாதுகாப்பைப் பழக்கினார். பேர், பள்ளிக்கூடம், வீடு, படம் எதையும் கொடுக்கக்கூடாது. கடவுச்சொல்லை உயிர்ச் சினேகிதிக்கும் சொல்லக்கூடாது. கூப்பிட்ட இடத்துக்குப் போகக்கூடாது.

"தெரியாத ஆக்கள் கதைச்சா ஒளிக்காதேங்கோ. அம்மாவைப் பக்கத்தில கூப்பிட்டுக் காட்டுங்கோ" என்றும் சொன்னார்.

சொன்னதோடு விடவில்லை, பரீட்சையும் வைத்தார். யாரோ ஒரு பிள்ளை கொழும்பிலிருந்து கதைக்கிறது என்று சொல்லி எங்களை ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரின் முன் இருத்தினார்கள். அந்தப் பிள்ளைக்கும் பூனை பிடிக்குமாம், அதற்கும் கணக்கு வராதாம். என் சினேகிதி உருகிப்போய்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். ஒரு பெடியன் தன் பெரியம்மா வீட்டுப் போன் நம்பரையே கொடுத்துவிட்டான். நானோ பெயர் கேட்டால் வானம் என்றேன், ஊர் கேட்டால் பூமி என்றேன். கடைசியில் அலுமாரிக்குப் பின்னால் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து எழும்பி ரீச்சரே சிரித்துக்கொண்டு வந்தார்.

"இவவிட்ட இருந்து ஒருத்தராலும் ஒண்டும் பிடுங்கேலாது" என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டி கலர்ப் பென்சில் தந்தார். நான் வீடு வந்து அண்ணாவுக்கே அதைப்பற்றி வகுப்பெடுத்தேன். அவன் பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு நித்திரைபோலக் கிடந்தான்.

சித்தப்பாவிடமிருந்து அண்ணாவின் அலுவலாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா என்னை நெற் கடைக்குக் கூட்டிப்போவார். பலகை அடித்துப் பிரித்த கூட்டுக்குள் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கும். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. நான் வாசித்துச் சொல்வேன், அவர் சொல்வதை அடிப்பேன். ஒரு நாள் கடிதம் எதுவும் வந்திருக்கவில்லை. கொடுத்த காசுக்கு நேரம் மிச்சம் இருந்தது. என் கெட்டித்தனத்தை அம்மாவுக்குக் காட்டலாம் என்று தமிழ் ஆட்கள் கூடும் அரட்டை அறை ஒன்றைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர், "வணக்கம். ஊரில எவடம்?" என்று கேட்டார்.

நான் மூடப்போனேன். என்ன எழுதியிருக்கு என்று அம்மா கேட்டார். வாசித்தேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு அது ஒரு விசாரணையே இல்லை, வணக்கத்தின் மிச்சப் பாதி. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் சரி, செத்தவீட்டில் இருந்தாலும் சரி, முதலில் ஊர், பிறகு கோயிலடி, பிறகு ஆருடைய பிள்ளை, ஆரைக் கட்டினது என்று போய், கடைசியில் ஏதாவது ஒரு சொந்தத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது, வீடு தேடி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடுவது மாதிரி.

"ரீச்சர் சொல்லக்கூடாது எண்டவா" என்றேன்.

"அது களவாய்க் கதைக்கிற பிள்ளையளுக்கு. நான் பக்கத்தில இருக்கிறன்தானே? முள்ளியவளை எண்டு அடி."

அதுவும் சரியாகத்தான் பட்டது. ரீச்சரின் கடைசி விதியும் அதுதானே. அந்த ஆள் தானும் எங்கள் பக்கத்து ஊரான தண்ணீரூற்று என்றான். அம்மாவை மாமி என்றான். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், தன்னுடைய தமையன் அங்கே ஒரு சற்றலைட் போன் வைத்திருப்பதாகவும் சொன்னான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் பெயரை, வயல் இருந்த இடத்தை, தொழுவத்தில் சிவத்தப் பசு கன்றுத்தாய்ச்சியாய் நின்றதைக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல அடித்தேன். விசாரித்துச் சொல்கிறேன் மாமி என்றான்.

அடுத்த கிழமை அவன் சொன்ன செய்தியை நான் வாசித்தேன். மாமா சுகமாக இருக்கிறார். சிவத்தப் பசு நாகு கன்று போட்டிருக்கு.

அம்மா அந்தக் கூட்டுக்குள்ளேயே அழுதார். சந்தோசத்தில் அழுவதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். மூத்தவன் என்ன பாடு என்று மாமா கேட்கச் சொன்னார் என்றான். அரிசி ஆலைக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறோம், அவன் வீட்டோடுதான், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார். உங்களோடு கதைத்தேன் என்றால் மாமா நம்ப ஒரு அடையாளம் வேண்டும், அவனை வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று அவன் கேட்டான்.

அண்ணாவுக்கு ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. அப்பா வைத்தது. ஊரில் எங்கள் சொந்தங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா அதைச் சொன்னார், நான் அடித்தேன். இந்தக் கதையில் அதை நான் எழுதப்போவதில்லை.

பிறகு ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்த நேரம், வாசல் படலையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு பேர் சிரித்த முகத்தோடு நின்றார்கள். வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அம்மா அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றிருப்பார். அதற்கு எங்கள் எல்லோருக்கும் பயிற்சி இருந்தது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் குசினியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"எழும்பு தம்பி, ஊர்ப்பிள்ளையள் வந்திருக்கினம். அப்பா ஏதும் சொல்லி விட்டிருப்பார்."

அண்ணா சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். ஒரு சின்ன விசயம் கதைக்கத்தான், இப்ப கொண்டுவந்து விட்டிடுவம் அம்மா என்று அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒழுங்கை முகப்பில் வான் ஒன்று நின்றதை நான் கண்டேன். அம்மா மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். அதை ஆறின பிறகும் நெடுநேரம் வெளியே கொட்டாமல் வைத்திருந்தார்.

அண்ணா வரவில்லை. அம்மா ஏறாத படி இல்லை. நெற் கடைக்கு மட்டும் அவர் திரும்பப் போகவில்லை. நான் தனியே போய்ப் பார்த்தபோது அந்த ஆளையும் காணவில்லை. அவனாவது இருந்தால் அப்பாவிடம் சொல்லி அண்ணாவைத் தேடலாமே என்று கவலைப்பட்டேன். பரீட்சையில் முதலாவதாக வந்த மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

மாதங்கள் போய், கடும் நோயாளிகளை மட்டும் பாதையால் விட்ட ஒரு நாள், வயிற்றில் கட்டியோடு அப்பாவை நோயாளர் வண்டியில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்டு ஓடினோம். அவர் பாதியாகிப் போயிருந்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நின்று முதலில் கேட்டது இதைத்தான்:

"சிவத்தப் பசு கண்டு போட்டதோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பசு? அதை நீங்கள் வெளிக்கிட்ட கிழமையே வித்துப்போட்டன்" என்றார் அப்பா. பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மூத்தவன் வரேல்லையோ?"

அம்மா வெளியே நடந்தார். விறாந்தைச் சுவரோடு சரிந்து இருந்து, தலையில் அடித்து அடித்து அழுதார். அண்ணா போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் குந்தி அவருடைய கைகளைப் பிடித்தேன். பெரிய மனுசிபோல அவரைத் தேற்றினேன்.

"அழாதேங்கோ அம்மா. வேற பசு ஒண்டு வாங்கலாம்."