கோமதிக்கு நான் எழுதிய வார்த்தை

ஜூலை மாதம் வந்தால் தென்காசியில் பேப்பர்கூட நமத்துப் போகும். பேனாவை வைத்ததும் மை ஊறிப் பரவும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மேஜையெல்லாம் ஈரம்...

அந்த ஈரத்தில் உட்கார்ந்துதான் நாற்பத்திரண்டு பிராக்ரஸ் கார்டுக்கும் 'ஆசிரியர் குறிப்பு' எழுதினேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். சங்கர், கோமதி. அப்பா குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுபவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுவார். இரண்டு பிள்ளைகளையும் ஒரு இடத்தில் உட்கார வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

கார்டு எழுதுவதற்கு முந்தின நாள்தான் வகுப்பைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். சாப்பிடும் நேரத்தில் ஒரு குரங்கு புளியோதரைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு பாறை மேல் ஏறியது. நான் கத்துவதற்குள் சங்கரும் கோமதியும் அதன் பின்னாலேயே ஏறிவிட்டார்கள். வழுக்குப் பாறை... எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கிழிந்த பொட்டலத்தோடு இறங்கி வந்தார்கள், இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் சங்கரின் கார்டில் எழுதினேன்: 'துறுதுறுப்பான பையன்.'

கோமதியின் கார்டில்: 'துடுக்குத்தனம் அதிகம். அடக்கம் தேவை.'

வேண்டுமென்று எழுதவில்லை. யோசித்துக்கூட எழுதவில்லை. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. ஏன் அப்படிப் போனது என்பதுதான் இன்று வரை எனக்குக் குழப்பம்.

கார்டு கொடுத்த மறுநாள் காலையில் அவர்களுடைய அம்மா இரண்டு கார்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், எனக்கு வாசிக்கத் தெரியாது. இவ அப்பாதான் வாசிச்சுக் காட்டுனாவ. ரெண்டும் ஒண்ணாத்தான கொரங்கு பின்னால ஓடிச்சுவ? அவனுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு எழுதிருக்கியளே?"

"இல்லம்மா... பொம்பளப் பிள்ளை. விழுந்துட்டாள்னா..."

"அவன் விழுந்தா அடிபடாதா டீச்சர்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் இரண்டு கார்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"டீச்சரே எழுதிட்டாவ, இனி இவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு, வீட்ல இருந்து பீடி சுத்தட்டும்னு இவ அப்பா சொல்லுதாவ. கொஞ்சம் மாத்தி எழுதித் தாங்க டீச்சர்."

அப்போதெல்லாம் தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டுவோம். சுரண்டினேன். நமத்த அட்டையில் ஓட்டையே விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இடத்தில் நெருக்கி, 'துறுதுறுப்பான பெண்' என்று எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டு போனேன்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது? பொம்பளப் பிள்ளைக்கு இப்படி எழுதினா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், எங்கள் மாட்டின் கன்று வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. பெண் கன்று. "என்ன துடிப்பா இருக்கு பாத்தியா!" என்று அப்பா ரசித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, மெதுவா நடக்க மாட்டியா? என்னத்துக்குத் திங்கு திங்குன்னு வாரே?" என்றாள்.



கோமதி அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் வந்தாள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால்தான் பேசுவாள். வகுப்பில் சத்தம் குறைந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குச் சங்கர் மட்டும் போனான்.

என் வார்த்தையாலா, இல்லை எப்படியும் அதுதான் நடந்திருக்குமா? அந்த நாளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் ஐந்தோடு நின்றார்கள். அவர்கள் கார்டில் எல்லாம் நல்ல வார்த்தைதானே எழுதியிருந்தேன்...

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோமதிய இலத்தூர்ல கட்டிக் குடுத்துட்டோம் டீச்சர். இருக்குற இடமே தெரியலன்னு அவ மாமியா மெச்சுதா. நீங்க அன்னைக்கு எழுதுனது வீண் போகல!"

எதைச் சொல்கிறார்? முதலில் எழுதியதையா, சுரண்டிவிட்டு எழுதியதையா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

போன மாதம் பெங்களூரில் பேத்தியின் ஸ்கூல் ரிப்போர்ட் போனில் வந்தது. 'வெரி எனர்ஜெட்டிக் கேர்ள்' என்று போட்டிருந்தார்கள். மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். மருமகன் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். வீடே கை தட்டியது. நானும் தட்டினேன். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய ரகளையாக இருந்தது, இப்போது எவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது...

கோமதிக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். இன்னும் இருக்கிற இடம் தெரியாமல்தான் இருக்கிறாளா என்று தெரியவில்லை.