பியூக்கில் சாயாதவன்

என் பியூக் கார் சாலையில் ஓடிய தூரத்தைவிடத் தபாலில் போன தூரம்தான் அதிகம். டெட்ராய்ட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் போதும், அலபாமாவிலிருந்து பிழைக்க வந்த எங்கள் ஆட்கள் வரிசையாக அதில் சாய்ந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். நான் முடிதிருத்துகிறவன். பத்து வருஷம் கத்தரி பிடித்து வாங்கிய வண்டி. எரிச்சல் வராதா?

"பெல்ட் பட்டா பெயின்ட் போயிரும், தள்ளி நில்லுங்கடா!" என்று கத்துவேன். ஒரு பயல் கேட்கமாட்டான்.

வெர்டெல் மட்டும் கேட்டான். கார் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கதவு மாட்டிவிட்டு டிராமில் வீடு திரும்புகிறவன், வாயில்லாப் பூச்சி. 1951 வசந்தத்தில் அவனும் படம் எடுத்து, பின்னால் 'என் கார்' என்று எழுதி, தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஊர்ப்பெண் ஒடெல்லாவுக்கு அனுப்பிவிட்டான். 'சனிக்கிழமை வருகிறேன், நேரில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்கிறேன்' என்று அவள் பதில் போட்டாள்.

"அண்ணே, ஒருநாள் வண்டியக் குடுங்கண்ணே. இல்லேன்னா அவ திரும்பிப் போயிருவா."

"பொய் உன்னோடது, பெட்ரோல் என்னோடதா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

ரயிலடியில் ஒடெல்லா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கைப்பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து பானெட்மேல் பரப்பினாள். மூன்றிலும் என் பியூக். ஓரத்தில் கையை ஓங்கியபடி நான்.

"எங்க ஊர்ல மூணு வீட்ல இந்தக் கார் இருக்கு. ஒரு காருக்கு மூணு முதலாளியா? கத்துற நீங்கதானே நிஜ ஓனர்?"

வெர்டெல் தலைகுனிந்தான். "மன்னிச்சிரு. கார் என்னோடது இல்ல."

"தெரிஞ்சுதான் ரயிலேறினேன்."

"பின்ன எதுக்கும்மா வந்தே?" என்று நான் கேட்டேவிட்டேன்.

"இந்தப் படத்துல எங்க ஊரு லூதர் பானெட்மேல ஏறி உக்காந்திருக்கான். இன்னொருத்தன் பம்பர்ல கால வச்சிருக்கான். இவரப் பாருங்க, உடம்புக்கும் காருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. அடுத்தவங்க பொருள்மேல படாம நிக்கிறவரு, என்னையும் பத்திரமாப் பாத்துக்குவாருன்னு தோணிச்சு." அவன் பக்கம் திரும்பினாள். "இன்னொரு பொய் சொன்னீங்க, அடுத்த ரயில்ல போயிருவேன்."

ஜூனில் கல்யாணம். தேவாலய வாசலில் படம் எடுக்கும்போதும் அந்த மடையன் காரைவிட்டுத் தள்ளியே நின்றான்.

"சாஞ்சுக்கடா!" என்று கத்தினேன்.

சாய்ந்தான். அவன் பெல்ட் இழுத்த கீறல் இன்னும் கதவில் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.