கடைசியில் மகன் வருவானா?

சுவா என்ற எங்கள் சிற்றூரிலிருந்து சிரம்பான் டவுனுக்குப் படம் பார்க்கப் போக வேண்டுமென்றால் தாமான் குடியிருப்புக்காரர்களுக்கு என் வேன்தான். வாரநாளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். ஞாயிற்றுக்கிழமை அதே சீட்டுகளில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் மாமாக்களும் ஏறிக்கொண்டு, பிள்ளைகளைவிட மோசமாகக் கூச்சல் போடுவார்கள். பழைய கித்தா தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது லயத்து வீடுகளில் இருந்த சனம் பெரும்பாலும் இந்தத் தாமானுக்குத்தான் குடிவந்தது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து வளர்ந்தவர்கள். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அதனால்தான் ஒரு சட்டம் போட்டேன். திரும்பி வரும்போது வழியில் இருக்கிற லுக்குட் ஊரைத் தாண்டும்வரை படத்தைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. சிரம்பான் நெரிசலில் இவர்கள் கதாநாயகனுக்காக அடித்துக்கொள்ள, நானும் சண்டையில் சேர்ந்து பின்னால் திரும்ப, ஒரு மோட்டார் சைக்கிள்காரனை இடிக்கப் பார்த்தேன். அந்த ஆத்திரத்தில் போட்ட சட்டம் அது. லுக்குட் தாண்டியதும் பின்சீட்டில் ஆரம்பித்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு முன்னால் வர வேண்டும். வண்டி ஓட்டுகிற எனக்குக் கடைசி. வேனுக்குள் முடியாத சண்டை, வேனை நிறுத்துகிற இடத்தில் நின்றபடி தொடரும்.

பின்சீட்டில் லாரிக்கார அண்ணன். பல வருடம் செம்பனைக் குலை ஏற்றி ஓய்ந்தவர். எந்தப் படமானாலும் அதில் ஓடுகிற வண்டிதான் அவருக்குப் படம். "அந்த மேட்டுல டாப் கியர்ல போறான் லா! பாரத்தோட எப்படிடா ஏறும்?" என்று ஆரம்பித்தாரென்றால், கதையில் செத்தது யார் என்றுகூட அவருக்கு நினைவிருக்காது. அவருக்கு முன்னால், சுவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. எங்களுக்கெல்லாம் பாயம்மா. "சோத்தப் போட்டு வெச்சிட்டு வசனம் பேசுறானுவோ. ஆறிப் போவுது பாரு. ரெண்டு வாய் தின்னுட்டுப் பேசினா என்னவாம்?" என்பார். முன்சீட்டுக்காரி தையல் தைக்கிறவள். கதாநாயகி ஏழை என்றால் நம்பவே மாட்டாள். "அந்த ரவிக்கை கழுத்தப் பாத்தீங்களா? அதத் தைச்சுக் குடுக்க எனக்கே ரெண்டு நாளு ஆகும். ஏழையாம், ஏழை!"

நல்ல படம் வராத வாரங்களில் புத்தகம். கோயில் மண்டபத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன நாவல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வேனில் கைமாறி, சீட்டுக்கடியில் மிதிபட்டு, பிள்ளைகளின் பிஸ்கட் தூளோடு திரும்பிப் போகும். புத்தகத்துக்கும் இதே நீதிமன்றம்தான். தடியான நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது லாரிக்கார அண்ணன், "தலைக்கு வெச்சுப் படுக்க நல்லாருக்கு தங்கச்சி" என்றார். தையல்காரி இன்னொன்றைப் பாதியில் விட்டுவிட்டாள். "மழ பெய்யுது பெய்யுதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. நம்மூர்ல பெய்யாத மழையா?"

கைபேசியைத் திறந்தால் யாரோ ஒரு தம்பி வந்து இரண்டாம் பாதியில் தொய்வு, ஒளிப்பதிவு அருமை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். என் வேன்காரர்கள் அவரவர் கை எதைத் தொட்டுப் பழகியதோ அதை வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வேனை நிறுத்துகிற இடத்துக்கு நேர் எதிரில் அக்காவின் வீடு. உடன்பிறந்தவர் இல்லை, லயத்தில் பக்கத்து வீடு. ஆனால் எனக்கு அதைவிட மேல். நாங்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அக்கா வாசலில் தேநீர்த் தட்டோடு நின்று, சண்டை அடங்கும்வரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"படத்துல மகன் இருக்கானா? கடைசியில வீட்டுக்கு வந்துர்றானா?"

வந்துவிடுகிறான் என்றால் அடுத்த நடையில் என்னோடு வந்து பார்ப்பார். மகனே இல்லாத கதை என்றாலும் வருவார். வராத மகன் இருக்கிற படத்தை அவர் பார்த்ததே இல்லை. புத்தகத்திலும் அப்படித்தான். அலமாரி முன்னால் நின்றவாக்கில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கையில் எடுப்பார்.

ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு ஒரே பையன். ஜொகூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அப்பா செத்த அன்று அவன் சிங்கப்பூர் பக்கம் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டான். அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது பிணத்தை எடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில், தலை விரிந்து கிடந்த அக்கா எழுந்து வந்து, "அப்பன் மூஞ்சியப் பாக்காதவன் என் மூஞ்சியயும் பாக்க வேணாம். போடா!" என்று சொல்லிவிட்டார். துக்கத்தில் வருகிற சொல் அது. கேட்டவன் அப்போது இளவட்டம், அப்படியே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு பல வருடமாக அவனும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "பெத்தவ போயி நிக்கணுமா? அவன்தான் வரணும்" என்பார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. ஆனால் அவன் எந்த ஃபிளாட், எந்த மாடி, எந்தக் கிழமை அவனுக்கு லீவு, எல்லாம் ஜொகூர் பக்கம் போய்வருகிறவர்களிடம் விசாரித்து மனப்பாடமாக வைத்திருந்தார். அவன் வருவான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

போன வருடம் ஒரு படம் வந்தது. கோபித்துக்கொண்டு போன மகன், காத்திருக்கிற அம்மா. பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த அம்மா வாசலுக்கு ஓடிவருகிறாள். நிச்சயமாக வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். கடைசி வரை வரவில்லை. ஒரு பஸ் வந்து, நின்று, போகிறது. அம்மா உள்ளே போய்ச் சோறு போட்டுத் தனியாகச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் படம். விளக்குப் போட்ட பிறகும் எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று லுக்குட் தாண்டியும் வேனில் சத்தமே இல்லை. லாரிக்கார அண்ணன்தான் தொண்டையைச் செருமினார். "அவங்க கேப்பாங்களே தங்கச்சி. என்னா சொல்றது?"

"அல்லாவே, அத நம்ம வாயால சொல்றதா?" என்றார் பாயம்மா.

தையல்காரி வழி சொன்னாள். "படம் சரியில்லன்னு சொல்லிருவோம். சரியில்லாத படத்துக்கு முடிவு என்னான்னு யாரு கேப்பா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவங்க என்னா பச்சப் புள்ளையா? ஏமாத்துறதுக்கு?" என்று கத்தினேன். "அப்ப நீயே சொல்லு, அவன் வரலன்னு" என்றாள் அவள். என்னாலும் முடியாது.

வேன் நின்றது. அக்கா தட்டோடு வந்தார். கேள்வி கேட்பதற்குள் எல்லோரும் முந்திக்கொண்டார்கள்.

"போரு லா அக்கா! தூங்கிட்டேன்" என்றாள் தையல்காரி.

"ஒரு வண்டிகூட இல்ல. பாக்கவே முடியல." இதைச் சொன்னவர் லாரிக்கார அண்ணன். படம் முழுக்க பஸ் ஓடியது.

"சாப்பாடா? அதப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று பாயம்மா தேநீரை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"காசுக்குப் புடிச்ச கேடு" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

அக்கா எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்படியா?" என்றார். காலிக் கோப்பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பாடா, தப்பித்தோம் என்று அவரவர் வீட்டுக்கு நடந்தோம்.

அந்த வாரம் பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார்.

"வண்டிய எடுத்துக்கிட்டு சிரம்பானுக்கு வா."

"சிரம்பான்லயா இருக்கீங்க? எப்படிப் போனீங்க?"

"பஸ்ஸு எதுக்கு ஓடுது? சீக்கிரம் வா லா."

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அக்காவை, என்னை, தையல்காரியின் யோசனையை, படம் எடுத்தவனை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். அந்தக் கடைசிக் காட்சியைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க பெடலை இன்னும் அழுத்தினேன். தியேட்டர் இருக்கிற கட்டடத்து வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது அழுகை இல்லை, கோபம். என் பக்கத்தில் உட்காராமல் நேராகப் பின்சீட்டுக்குப் போனார்.

"பின்சீட்டுக்காரங்கதானே மொதல்ல சொல்லணும்?"

"லுக்குட் தாண்டட்டும் அக்கா" என்றேன். வண்டியைக் கிளப்பினேன்.

"அதுவரைக்கும் பொறுக்க முடியாதுடி. மொதல்ல ஒன்னு சொல்லு. இந்த வண்டியில என்னிக்காவது எல்லாரும் ஒரே பேச்சுப் பேசியிருக்கீங்களா? மழ பெஞ்சா ஒருத்தி ஈரம்பா, ஒருத்தி காஞ்சிருக்கும்பா. அன்னிக்கு எல்லாரும் சேந்து நல்லால்லங்கிறீங்க. நீயும் சேந்துக்கிட்ட. அப்பவே தெரிஞ்சிருச்சு, அவன் வரலன்னு."

என்னால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க அக்கா. உங்களுக்குத் தாங்காதுன்னுதான்..."

"தாங்காதுதான். அழுதேன். பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பொண்ணு டிஷ்யூ குடுத்துச்சு." பிறகு குரலை உயர்த்தினார், பாருங்கள், வேனே அதிர்ந்தது. "ஆனா படம் எடுத்தவனுக்கு அறிவு இருக்காடி? அந்தம்மாவுக்குக் காலு இருக்குல்ல? வாசலப் பாத்து, வாசலப் பாத்து உக்காந்திருக்கா! வீட்டுக்கு முன்னாலதானே பஸ்ஸு வந்து நிக்குது. இவ ஏறிப் போக வேண்டியதுதானே? போன்னு சொன்னவ இவதானே? சொன்ன வாயிதானே போயி வான்னு கூப்பிடணும்? எனக்கு எழுந்திரிச்சுப் போயி அவளப் புடிச்சு பஸ்ஸுல தள்ளிவிடலாம்போல இருந்துச்சு. வீம்பு புடிச்ச முண்டம்!"

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை. இத்தனை வருடமாக நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை அவர் திரையில் இருந்த ஒருத்தியைத் திட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். திட்டி முடித்ததும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"வண்டியில எண்ணெய் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"இன்னிக்கு அவனுக்கு லீவு" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பினேன். மாற்றுத் துணி இல்லை, வீட்டில் காயப்போட்ட துணி மழையில் நனையும், எதுவும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. வழியில் ஓய்விடத்தில் நிறுத்தினேன். அக்கா முகம் கழுவி, தலையைச் சீவி, பொட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜொகூர் வரும்வரை அவருடைய கை என் சீட்டின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஃபிளாட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். அக்கா ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. "நில்லுங்க அக்கா" என்றால் நிற்கவில்லை. கதவுக்கு முன்னால் போனதும்தான் நின்றார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார், இறக்கினார். என்னைப் பார்த்தார். நான் தட்டவில்லை. அது என் வேலை இல்லை என்று பிடிவாதமாக நின்றேன். பிறகு அவரே தட்டினார்.

அவன்தான் திறந்தான். கைலியோடு, தூக்கக் கலக்கத்தோடு. தாடியில் நரை விழுந்திருந்தது. அம்மாவைப் பார்த்தவன் கதவைப் பிடித்த கையை விடவே இல்லை. நான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரிந்ததா என்றுகூடச் சந்தேகம்தான்.

"நீ கூப்பிடுவேன்னுதாம்மா இருந்தேன்" என்றான்.

"கூப்பிடலடா" என்றார் அக்கா. "வந்துட்டேன்."