ஒரே முகத்துக்கு ஒரே எண்

ஊசி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. தையல் வேலை செய்கிறாள் என்பதால் பாதி, வாயைத் திறந்தால் குத்துகிறாள் என்பதால் மீதி என்று வந்த பெயர். அவளுக்குச் சில நிமிஷம் முந்திப் பிறந்த அக்கா ஒருத்தி. முகம் அச்சு அசல் ஒன்றேதான். குணம்தான் நேர் எதிர். அக்கா அதிர்ந்து பேச மாட்டாள். அந்த அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துதான் உயிர் ஓடுகிறது. அதற்கு அரசாங்கம் கொடுத்த எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

அந்த எண்ணைத்தான் பிடுங்கிவிட்டார்கள், பாவிகள்.

முன்பெல்லாம் எண் கொடுத்தது பக்கத்திலிருந்த வட்டார அலுவலகம். அங்கே குமாஸ்தா, இவர்கள் தெருக்காரர். எண் வாங்கிய சமயம் அக்கா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். ஊசி என்ன செய்தாள்? தனக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு வகிடை மாற்றி, உடுப்பை மாற்றி, அக்காவின் போட்டோவுக்கும் தானே போய் உட்கார்ந்துவிட்டாள். குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இல்லை. "உங்கக்காவ நான் தினம் பாக்கறேன், எனக்கே கதையா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு எண்ணும் கொடுத்தார். அதனால் யார் குடியும் கெடவில்லை.

இப்போது அந்த அதிகாரம் மொத்தமும் தலைநகரத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒரு மெஷின் நாட்டிலுள்ள முகங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததாம். ஒரே முகம், ஒரே அப்பா, ஒரே பிறந்த நாள். எவளோ ஒருத்தி இரண்டு எண் வாங்கி ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டி, அக்காவின் எண்ணை ரத்து செய்து போனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது.

ஊசி அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றாள்.

"நல்லா பாருங்க சார். இது நான், இது அக்கா. ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியுமில்ல?"

குமாஸ்தா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதாம்மா? முன்னாடின்னா இங்கயே சரி பண்ணிக் குடுத்துருப்பேன். இப்ப என் கையில ஒண்ணுமில்ல. எல்லாம் மேலிடம்."

"சரி, தப்பு என்னோடதுதான். இப்பவே அவள ஒரு போட்டோ எடுங்க."

"புதுப் போட்டோ ஏத்தணும்னா எண் நடப்புல இருக்கணும்."

"அதத்தான் நிறுத்திட்டாங்களே!"

"அதான்மா."

"என்ன அதான்மா? நாளைக்கு அவளுக்கு டயாலிசிஸ். உங்க மேலிடமா வந்து அவ ரத்தத்தச் சுத்தம் பண்ணும்?"

வீட்டுக்கு வந்து மேலிடத்துக்குப் போன் போட்டாள். பதிவு செய்த குரல் ஒன்று அக்காவின் எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். செல்லாத எண் என்று சொல்லி வைத்துவிட்டது. என்ன அநியாயம் இது! தப்பு செய்தவள் ஊசி, தண்டனை சிறுநீரகம் போனவளுக்கா? ஒரு மனுஷன் ஏறிட்டுப் பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த ஒரு மனுஷனைத்தான் எங்கேயும் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊசி அக்காவுக்குத் தலை வாரி, வகிடைத் தன்னுடையதைப் போலவே எடுத்துவிட்டாள். "என் எண்ணச் சொல்லு. பேரும் என் பேரையே சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியாடி?"

"ரெண்டு பேரும் ஒருத்திதான்னு அவங்கதான சொன்னாங்க? இருந்துட்டுப் போவோம், வா."

ஆஸ்பத்திரி மெஷின் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பச்சை விளக்கைப் போட்டது. பின்னாலேயே போன ஊசியை, முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் காவலாளி மறித்தார்.

"கூடப் போறவங்களும் எண் சொல்லணும்மா. நீங்க அவங்களுக்கு யாரு?"

சொல்ல எண் இல்லை. இருந்த ஒன்றும் உள்ளே போய்விட்டது. வேறு சமயமாக இருந்தால் அந்த ஆளை நார் நாராகக் கிழித்திருப்பாள். இன்று வாயைத் திறந்தால் அக்காவை எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

"தெரிஞ்சவங்கதான்" என்று முனகிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே நர்ஸ் ஊசியின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். ஊசி பாதி எழுந்துவிட்டாள்.

அதற்குள் அக்காவின் குரல் கேட்டது: "நான்தாம்மா."