கூறைக் கரையும் கலூனும்

லண்டன் கடைக்காரர்கள் 'இல்லை' சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. காலையில் கதவைத் திறந்த கையோடு, முதல் ஆளின் முகத்தைப் பார்த்து, "சாரி, வீ டோன்ட் ஹாவ் இட்" என்று ஏதோ பரிசு கொடுப்பதுபோல் பல்லைக் காட்டிச் சொல்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், அதற்குப் பிறகும் வியாபாரம் நடக்கிறது. சாவகச்சேரியில் அப்பாவின் புடவைக்கடையில், முதல் ஆள் சீனி கேட்டாலும் "இருங்கோ, வரும்" என்பார். பின்பக்கத்தால் ஆளை அனுப்பிப் பலசரக்குக் கடையில் வாங்கிக் கொடுப்பார். அந்த வழக்கத்தைத்தான் நான் ஈஸ்ட் ஹாமுக்குக் கட்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவு தூரம் வந்தவன் வேறு எதையாவது கொண்டுவந்திருக்கலாம்.

போன கோடையில் ஒருநாள் என் சேலைக்கடைக்கு முதல் ஆளாக வந்தவர் கட்டடத்தின் சொந்தக்காரி, ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கடையின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. கோழி பொரித்து விற்கும் ஒருவன் இந்தக் கடையைக் கேட்டு அவரைச் சுற்றித் திரிகிறான் என்பது தெருவுக்கே தெரியும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா என்று நான் அவர் வாயைப் பார்க்க, அவரோ கால் வைக்கும் குட்டி ஸ்டூல் ஒன்றை மேசையில் வைத்தார். பரம்பரைச் சொத்தாம். விளிம்பைச் சுற்றி மங்கிய பொன்னிறப் பட்டை ஒன்று பாதி உரிந்து தொங்கியது.

"டூ யூ கீப் கலூன்?"

"யெஸ், மேடம்."

குரோய்டனில் அகதி விசாரணையின்போது, கப்பலில் வந்தாயா விமானத்தில் வந்தாயா என்று கேட்டதற்கும் 'யெஸ்' சொன்னவன் நான். பயம் வந்தால் என் ஆங்கிலம் அந்த ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும். கிழவி மகிழ்ந்துபோனார். புதுப் பட்டை தைத்து வைத்தால் பின்னேரம் வந்து ஸ்டூலை எடுப்பாராம், ஒப்பந்தத்தையும் அப்போதே பேசலாமாம்.

அவர் போனதும் ஃபோனில் தேடினேன். கலூன்: பொன், வெள்ளி இழையில் நெய்து விளிம்பில் தைக்கும் பட்டை, வழக்கொழிந்த சொல். ஆங்கிலேயருக்கே மறந்துபோன ஒன்றை, எங்கள் தெருவான ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் வந்து கேட்பதற்கும் ஒரு பரம்பரை வேண்டும். ஸ்டூலின் ஓரத்துக்குக்கூடப் பெயர் வைத்துக் காப்பாற்றுவார்கள். நான் மட்டும் இத்தனை வருட வாடகைக்குப் பிறகும் 'மிஸ்டர் எஸ்'. என் பெயரின் மீதி எழுத்துகளுக்குக் கிழவியின் வாயில் இடமில்லை.

கடையிலிருந்த சரிகையெல்லாம் வைத்துப் பார்த்தேன். மிட்டாய்த் தாள்போல மின்னின. கிங்ஸ்பரி வீட்டில் இருந்த மனைவி சந்திராவுக்கு ஃபோன் எடுத்து அழுதேன். சும்மா சொல்லவில்லை, மூக்கும் ஒழுகியது.

"இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"முதல் ஆளப்பா. எப்பிடிச் சொல்ல ஏலும்?"

"அப்ப கோழிக்காரன் வந்து உங்கடை மேசையிலை கோழி பொரிக்கட்டும். வையுங்கோ, வாறன்."

வரும்போது தன் கலியாணக் கூறைச் சேலையைக் கொண்டுவந்தாள். பழைய சரிகை. அதன் கரை ஸ்டூலின் பட்டைக்குக் கூடப்பிறந்ததுபோல் மங்கியிருந்தது.

"வெட்டுங்கோ."

"கூறையடி. உனக்கென்ன விசரே?"

"கடை போனால் இதைக் கட்டிக்கொண்டு எங்கை போறது? வேலை கேட்டோ?"

நான் கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைத்த லட்சணத்தைப் பார்த்து, அவளே பறித்து வெட்டினாள். நான் தைத்தேன், பாதி ஸ்டூலிலும் பாதி என் விரலிலும். பின்னேரம் கிழவி தடவிப் பார்த்து, இதுதான் அசல் கலூன் என்று தீர்ப்பளித்தார். கோழிக்காரன் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்த கிழமை கையெழுத்து வைக்க இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கிழவி நாற்காலியில் சாய்ந்திருந்தார். சப்பாத்துப் போட்ட கால்கள் இரண்டும் ஸ்டூலில், சந்திராவின் கூறைக் கரைமேல்.

"பாக்காதை," என்றேன் மெதுவாக.

"ஏன் பாக்காமல்? என்ரை மாமியே இவ்வளவு உரிமையாய் அதிலை கால் வைக்கேல்லை."

மனைவி என்ன சொல்கிறாள் என்று கிழவி கேட்டார். உங்கள் வீடு மிக அழகாம் என்றேன். அவர் சந்திராவுக்கு நன்றி சொன்னார்.

நான் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தபோது சந்திரா குனிந்தாள். கிழவி மரியாதையாகக் காலைத் தூக்கினார். சந்திரா அந்தக் கரையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிழவி டிஷ்யூப் பெட்டியை நீட்டினார். சந்திரா ஒன்றை உருவி, சரிகையில் ஒட்டியிருந்த சப்பாத்து மண்ணைத் துடைத்தாள்.

"தாங்க் யூ, டியர்," என்று கிழவி மறுபடியும் அதன்மேல் காலை வைத்தார்.