மியூவானைக் காட்டப் பட்ட பாடு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 'இருக்கிறது, நம்புங்கள்' என்று தினமும் சத்தியம் செய்து சம்பளம் வாங்குவதுதான் துகள் இயற்பியல் நடத்துகிறவர்களின் பிழைப்பு. கரும்பலகையில் புள்ளி வைத்து 'இதுதான் எலக்ட்ரான்' என்று சொல்லி மாட்டிக்கொண்ட சக பாவிகளே, இதைக் கேளுங்கள்.

நான் கீழக்கரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். வானத்திலிருந்து ஓயாமல் நம் தலையில் விழுந்துகொண்டிருக்கும் மியூவான் என்ற துகளின் தடத்தை மாணவிகளுக்குக் கண்ணால் காட்டிவிட ஆசை. மீன் தொட்டியைக் கவிழ்த்து, மேலே ஆல்கஹாலில் நனைத்த துணி, கீழே ட்ரை ஐஸ் என்கிற கடுங்குளிர்க் கட்டி. உள்ளே மூட்டம் படியும். இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், துகள் போன வழியில் வெள்ளைக் கோடு விழுவது தெரியும். மேகப் பெட்டி என்று பெயர்.

மாப்பிள்ளை யாரு?

ட்ரை ஐஸுக்கு நம் பக்கத்தில் கல்யாண மேடை அலங்காரக்காரர்தான் கதி. ராமநாதபுரத்தில் ஒருவருக்குப் போன் போட்டேன். "பொண்ணு மாப்பிள்ளை நடந்து வாரப்ப புகை விடணுமா, மாலை மாத்துறப்பவா?" என்றார். கல்யாணம் இல்லை, வானத்திலிருந்து வருகிற ஒருவரைப் பார்க்க என்றேன். எத்தனை மணிக்கு வருவார் என்றார். சொல்ல முடியாது என்றேன். அக்கறையாகத்தான் சொன்னார்: "நேரம் தெரியாத ஆளுக்கு ஐஸ் வாங்காதீங்க மேடம், கரைஞ்சிரும். மொதல்ல கெளம்பிட்டாரான்னு கேளுங்க."

பிரபஞ்சத்தின் மேல் பழி

முதல் தடவை ஒரு கோடும் விழவில்லை. கடல்காற்றைத் திட்டினேன், டார்ச்சைத் திட்டினேன். வேதியியல் நடத்தும் நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். என் புத்தி துகளிலேயே நிற்கும்; அவளுக்கு எப்போதும் திரவத்தின் மேல்தான் கண். பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். நான் ஊற்றியது தண்ணீர் கலந்த சானிடைசர். தன் லேபிலிருந்து சுத்தமான ஆல்கஹாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "மியூவானைக் குறை சொல்லாதீங்கக்கா. அது வந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு."

முழங்கால் வலி

அதற்குள் சேதி கல்லூரிச் செயலாளர் ஹாஜியாருக்குப் போய்விட்டது. ஒன்றும் தெரியாத இருட்டறை எதற்கு, தேர்வுத்தாள் கட்டுகளை வைக்கலாமே என்று சாவி வாங்க நேரிலேயே வந்துவிட்டார். கடைசியாக ஒரு தடவை காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். வேறு இருட்டறை கிடையாது. அது போனால் மேகப் பெட்டியும் போச்சு.

எல்லாரும் டார்ச் இருந்த பக்கமே நின்று மேலிருந்து குனிந்து பார்த்தோம். மூட்டம்தான். நஸ்ரீனே உதட்டைப் பிதுக்கினாள். ஹாஜியாருக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது. டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம், சற்று ஒதுங்கி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, "யா அல்லாஹ், இதென்ன, ஏரோப்பிளேன் போன கோடு மாதிரி!" என்றார்.

ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அந்த உயரத்தில், வெளிச்சத்துக்கு எதிரே, நூல்நூலாகக் கோடுகள் விழுந்து விழுந்து மறைந்தன. அழுதுவிட்டேன், வெட்கமெல்லாம் படவில்லை. நஸ்ரீனும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹாஜியார் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. எழுந்திருக்க மனமில்லாமல் சொன்னார்: "ரூமு இருக்கட்டும் மேடம். பிள்ளைகளை நிக்க வைக்காதீங்க, எல்லாருக்கும் நாற்காலி போடுங்க."

எல்லாரும் ஒரே பக்கம் நின்று குனிந்தால் அறிவியலில் மிஞ்சுவது இடுப்புவலிதான்.