மாணவி என்ற இடத்தில்

கல்யாணமான புதிதில், மச்சினன் வீட்டில் நாலு பேர் கூடியிருந்த நேரத்தில், "மாப்பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்காரு?" என்று யாரோ கேட்டார்கள். டயர்க்கடை வைத்திருந்த மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் அவர் மனைவி முந்திக்கொண்டு, "அவருக்குப் படிப்பு ஏறலை" என்றாள். பொய்யில்லை. ஆனாலும் அந்த வார்த்தை முள்ளாய் உள்ளேயே தங்கிவிட்டது. மகள் பிறந்து, படித்து, வேலைக்கு வெளியூர் போயும் ஆயிற்று. முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே, ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அதே மனைவி, இந்த வயதில் மாலைப்பள்ளியில் சேர்ந்து பத்தாவது எழுதப்போகிறேன் என்றபோது, அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷி. யாருக்கு ஏறுகிறது, பார்த்துவிடலாம்.

பார்க்கவும் வாய்த்தது. 'மாணவியாக நான்' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார் டீச்சர். எழுதிக் கொடுத்தாள், திரும்பி வந்துவிட்டது. தாளை மேசையில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் நின்றாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லை."

அவர் எழுத்துக்கு எழுத்து விரலை வைத்துப் படித்தார். மேலே, 'மாணவி' என்ற இடத்தில் மகளின் பெயர். கீழே, 'தாயார்' என்று போட்டு இவள் கையெழுத்து. நடுவில், மாணவி காலையில் சீக்கிரம் எழுவாள், மாணவிக்குக் கணக்கு வராது என்று முழுக்க மகள் புராணம். ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர், 'இதில் நீங்கள் எங்கே?' என்று கேட்டிருந்தார்.

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அவ சம்பளமே வாங்க ஆரம்பிச்சுட்டா. நீ இன்னும் அவ ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கே."

"சிரிங்க. கை தானா போட்டுடுச்சு. மாணவின்னா அவதானே?"

"அப்ப நீ யாரு?"

"அதான் தெரியலை. நாளைக்கு என்னையப் பத்தியே எழுதி, எழுந்து நின்னு வாசிக்கணுமாம். வேணாங்க, படிப்பை விட்டு நின்னுடறேன்."

இத்தனை வருஷம் காத்திருந்த இடம். உனக்கும் ஏறலை என்று ஒரு வார்த்தை சொன்னால் கணக்குத் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவளோ, சூடுபட்டுக் காய்த்த விரல் நுனியைப் பிய்த்துக்கொண்டே நின்றாள்.

"நின்னுட்டு, அப்புறம் என்கிட்ட வந்து புலம்பக்கூடாது" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். தெருமுனைவரை போனார், போன வேலை எதுவுமில்லை, திரும்பினார். உள்ளே அவள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். இவர் உட்கார்ந்தார், எழுந்தார், சன்னலைத் திறந்தார், மூடினார்.

"குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. வர்ற ஒண்ணு ரெண்டு வரியும் ஓடிப்போகுது."

மறுநாள் மாலை, அவளைக் கூட்டிப்போகும் நேரத்துக்கு முன்பே, கையில் ஒட்டிய டயர்க் கரியைக்கூடக் கழுவாமல் கடையைச் சாத்திவிட்டு, பள்ளி வாசலைத் தாண்டி வகுப்புச் சன்னலுக்கு வெளியே போய் நின்றார். மனைவியின் குரல் கேட்டது. அவள் குரல் மாதிரியே இல்லை.

"விரிப்பை மெஷினில் விடும்போது வாய்க்குள் பாடம் சொல்லுவேன். யாரிடம் பேசுகிறாய் என்று மேஸ்திரி கேட்டார். விரிப்பிடம் என்றேன். மாணவி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் வைக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் திருடிய பொருள் மாதிரி இருக்கிறது. இன்றைக்கு மேலே என் பெயரை எழுதினேன். கீழே யாருடைய கையெழுத்தும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்."

உள்ளே யாரோ கைதட்டினார்கள். தன்னைப் பற்றிய பேச்சு எங்காவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவருக்கு ஒரு வரிகூட இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அது நிம்மதியா வலியா என்று பிடிபடாமல், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

இரண்டு பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தவள், அவர்களை அனுப்பிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"முழுசும் கேட்டேன்" என்றார்.

"தெரியும். சன்னல்ல உங்க தலை தெரிஞ்சுது. பக்கத்துல இருக்கறவ, யாரோட அப்பான்னு கேட்டா."

அவர் வண்டியை உதைத்தார். அவள் ஏறாமல் தோள்பையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"நாளைலேர்ந்து இங்க வந்து நிக்காதீங்க. மத்தவங்க யாரையும் கூட்டிட்டுப் போக ஆள் வரலை. அந்தத் திருப்பத்துல நில்லுங்க, நான் நடந்து வந்துடறேன்."